வண்ணம் பூசுமுன்

மயிலாப்பூர்வாசிகள் நாள்தோறும் எத்தனையோ முறை "லஸ்" என்று சொல்கிறார்கள். லஸ் முனையில் பேருந்துக்கு நிற்கிறார்கள். லஸ் சர்ச் சாலையில் மருந்து வாங்குகிறார்கள். லஸ் பிள்ளையார் கோவில் என்றுகூடச் சொல்லிப் பழகிவிட்டார்கள். அச்சொல்லுக்கு ஒளி என்று பொருள் என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. கடலில் திசை தெரியாமல் தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்குக் கரையில் ஓர் ஒளி தோன்றிற்றாம். அதைப் பின்பற்றி வந்து, அது மறைந்த இடத்தில் அவர்கள் தேவதாய்க்கு ஆலயம் எழுப்பினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. பிரகாச மாதா ஆலயம் என்றும், மரங்கள் அடர்ந்திருந்த பழங்கால நினைவில் காட்டுக்கோவில் என்றும் நம்மவர் அதனை அழைக்கின்றனர். ஆலயத்துக்குரிய ஆண்டாகக் கல்வெட்டு 1516-ஐக் குறிக்கிறது.

ஒளியின் பெயரால் ஒரு தெருவே வழங்கும் ஊரில் பிறந்து வளர்ந்த நான், ஒளியின் பிள்ளைகளாகிய நிறங்களைப் பற்றி நாற்பது வயது வரை ஒரு நாளும் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தது ஒரு தவறு. அதில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் பங்கு ஆலயத்தில் மரத்தால் செய்த வியாகுல மாதா சுரூபம் ஒன்று இருந்தது. உயரம் இரண்டரை அடிக்கு மேலிராது. யார் செய்தது, எப்பொழுது வந்தது என்று சொல்ல எவருமில்லை. மேலாடை ஊதா கலந்த மங்கிய நீலம். உள்ளாடை காய்ந்த மாதுளைத் தோலின் நிறம். முகம் பழைய மெழுகுவர்த்தியைப்போல் வெளிறிய மஞ்சள். மார்பில் பாய்ந்திருந்த வாள்கூடக் கருத்துக் கிடந்தது. ஆண்டுவிழாவுக்காக ஆலயத்தைப் புதுப்பிக்கக் குழு அமைத்தபொழுது, அதில் இருந்த நாங்கள் அறுவரும் ஒரே குரலாக, "சுரூபம் மங்கிவிட்டது, பளிச்சென்று இருக்கவேண்டும்" என்று தீர்மானித்தோம். கடைப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் வந்தார். உப்புத்தாளால் தேய்த்தார், பட்டி பார்த்தார், எனாமல் பெயின்ட் பூசினார். மூன்றே நாளில் வேலை முடிந்தது. வானத்து நீலத்தில் மேலாடை, ரோஜாப் பூவைப்போல் கன்னங்கள், சிவந்த உதடுகள், வெள்ளியென மின்னும் வாள். நாங்கள் கைதட்டாத குறைதான்.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்த ஒரு மூதாட்டி அந்தப் பீடத்தின் முன் வழக்கம்போல் முழந்தாளிட்டார், உடனே எழுந்துவிட்டார். கணவரையும், பின்னர் வளர்ந்த மகனையும் புதைத்தவர் அவர். என்னைக் கண்டதும் அருகில் வந்து, "தம்பி, இந்த அம்மா இனிமேல் அழமாட்டாள். நான் யாரிடம் போய் அழுவது?" என்றார்.

அப்பொழுது எனக்குச் சினமே வந்தது. செலவழித்த பணமும் உழைப்பும் இவருக்குத் தெரியவில்லையே என்று எண்ணினேன். வீட்டுக்கு வந்து, பழைய புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்துப் பார்த்தபொழுதுதான் நாங்கள் அழித்தது இன்னதென்று மெல்லப் புலப்பட்டது. கண்களுக்குக் கீழே அந்தப் பழைய கலைஞர் இலேசான பச்சை நிழலொன்றை வைத்திருந்தார். இடைக்காலத்து இத்தாலிய ஓவியர்கள் மனித முகத்தைத் தீட்டுமுன் பச்சை மண்ணால் அடிப்பூச்சு இடுவார்கள். அதன்மேல் வரும் இளஞ்சிவப்பு, பச்சையோடு மோதி உயிர்த்தசைபோல் தோன்றும். சிவப்பைக் குறைத்துப் பச்சையைச் சற்றே கசியவிட்டால் உறங்காத முகம், அழுது ஓய்ந்த முகம் தோன்றும். எங்கள் சுரூபத்தைச் செய்தவர் அந்த நுணுக்கத்தை எங்கோ கற்றிருந்தார். நாங்கள் அழுக்கென்று கருதியதில் பாதி அவர் வேண்டுமென்றே வைத்தது.

இன்னொன்றும் கவனித்தேன். பழைய சுரூபத்தில் எல்லாம் மங்கலாயிருந்தது. கன்னத்தின்மேல் ஒரேயொரு கண்ணீர்த் துளி மட்டும் பளபளத்தது. பார்ப்பவர் கண் சுற்றி வந்து அத்துளியில் நின்றுவிடும். இப்பொழுதோ வாள் மின்னுகிறது, மேலாடை மின்னுகிறது, பீடத்துப் பூக்கூடை மின்னுகிறது. கண்ணுக்குத் தங்குமிடமில்லை. எதை ஒளிரவிடுவது, எதை அடக்குவது என்பதே ஓவியரின் பேச்சில் பெரும்பகுதி.

இந்த இரகசியத்தை நம் இல்லத்தரசியர் நம்மைவிட நன்றாக அறிவார்கள். தியாகராய நகரில் பட்டுப்புடவை எடுக்கச் சென்றால், விளக்கு வெளிச்சத்தில் எத்தனை புடவைகளை விரித்துக் காட்டினாலும், ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் அவர்கள் விலை பேசுவதில்லை. ஆண்களாகிய நாம் அதனை வீண் சந்தேகமென்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறோம். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் பெயரால் வழங்கும் எம். எஸ். நீலம் என்று அவர்களிடம் நிறங்களுக்கு எத்தனை பெயர்கள்! மயில் கழுத்து என்பது தனியொரு நிறமே அன்று. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடுவதால், துணி அசையும்பொழுது நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றும் மாயம் அது. கரையின் நிறம் மாறினால் உடலின் நிறமும் மாறிவிடும் என்பதையும் அவர்கள் அறிவார்கள். மஞ்சள் கரைக்கு அருகில் சாம்பல் நிறம் இலேசாக ஊதாவாகத் தோன்றும். அதே சாம்பல் சிவப்புக்கு அருகில் பச்சை தட்டும்.

பிரான்ஸ் நாட்டில் இதனை ஆராய்ந்து நூலாக எழுதியவர் செவ்ரோல் என்னும் வேதியியலறிஞர். பாரிசில் கோபெலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்கு அவர் தலைவராயிருந்தார். கறுப்பு நூல் சரியாகச் சாயமேறவில்லை, சில இடங்களில் வலுவற்றுத் தெரிகிறது என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். அவர் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அதனை வெளிறச் செய்தன. 1839-இல் வெளிவந்த அந்நூலைப் பிற்கால ஓவியர்கள் பாடநூலாகவே கொண்டார்கள். நிறம் தனித்து நின்று எதையும் சொல்வதில்லை, பக்கத்திலிருப்பது அதற்குப் பொருள் தருகிறது என்று செவ்ரோல் பல நூறு பக்கங்களில் சொன்னதைப் பாண்டி பஜாரில் ஒரு தாய் தன் மகளுக்கு, "இந்தக் கரைக்கு இது எடுக்காதடி" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறாள். எங்கள் புதுப்பிக்கும் குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்பதை இங்கே வெட்கத்துடன் குறிப்பிட வேண்டும்.

அன்னையின் நீலத்துக்கு வருவோம். தேவமாதாவுக்கு ஏன் நீல மேலாடை? விண்ணகத்தின் நிறம் என்று மறைக்கல்வியில் நமக்குச் சொன்னார்கள். அது சரியே; ஆயினும் பழைய ஐரோப்பிய ஓவியருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்நாளில் சிறந்த நீலம், ஆப்கானிஸ்தானத்தில் படக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த ஒருவகை நீலக்கல்லை அரைத்துப் பெறப்பட்டது. கடல் கடந்து வந்ததால் கடலுக்கப்பாலைய நீலம் என்றே அதற்குப் பெயர். தங்கத்தோடு போட்டியிடும் விலை. அதனால் படத்துக்குப் பணம் கொடுப்பவர், எந்தத் தரத்து நீலத்தை எங்கே பூசவேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வைப்பதுண்டு. மிக விலையுயர்ந்ததை யாருக்குக் கொடுப்பது? அன்னைக்கே கொடுத்தார்கள். அக்காலத்து மக்கள் அந்த நீலத்தைப் பார்த்தவுடன் காணிக்கையின் கனத்தையும் உணர்ந்தார்கள்.

1820-களின் இறுதியில் பிரான்சில் அந்த நீலத்தைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். விலை சரிந்தது. எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? நம் வீட்டுச் சலவைத் தொட்டியில். வெள்ளை வேட்டிக்கும், கிறிஸ்துமசுக்கு முன் சுவருக்கடிக்கும் சுண்ணாம்புக்கும் நம் முன்னோர் கலந்த நீலப்பொடி அதே செயற்கை நீலமே. பழுப்பேறிய துணியின் மஞ்சளை நீலம் விழுங்கிவிடுவதால் வெள்ளை மேலும் வெள்ளையாகத் தெரிகிறது. அரசர்களும் ஆயர்களும் எடை போட்டு வாங்கிய வண்ணம் ஒரு பொட்டலத்தில் மளிகைக்கடைக்கு வந்துவிட்டது. ஆகவே இன்று நீலத்தைப் பார்த்து எவரும் விலையை எண்ணுவதில்லை. கலைஞர் எழுதிய வாக்கியம் அப்படியே இருக்கிறது; அதில் ஒரு சொல்லின் பொருள் மட்டும் உதிர்ந்துபோய்விட்டது.

இப்படி உதிராமல் முழுவதும் படிக்கக் கிடைக்கும் ஒரு படம் நம் இல்லங்களில் பெரும்பாலானவற்றில் தொங்குகிறது. அதுதான் சதா சகாய மாதாவின் திருவுருவப் படம். புதன்கிழமை நவநாளில் அதன்முன் நின்று பாடாத குடும்பமில்லை. ஆனால் அதை ஒரு முறையாவது கால் மணிநேரம் உற்றுப் பார்த்திருக்கிறோமா? இன்றிரவு செபமாலை முடிந்தபின் பிள்ளைகளை அருகில் அழைத்து, பின்வருவனவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

முதலில் பொன்னிறப் பின்னணி. அதில் வானமுமில்லை, மலையுமில்லை, வீடுமில்லை. கிரேத்தாத் தீவின் கலைமரபில் தீட்டப்பெற்ற படம் இது. கீழைத் திருச்சபையின் ஓவியர்களுக்குப் பொன் ஒரு நிறமன்று, ஒளியே. சூரியன் ஒரு பக்கத்திலிருந்து வீசினால் நிழல் விழும், நேரம் தெரியும். இங்கே நிழல் விழுவதில்லை. நேரமற்ற இடத்தில் தாயும் சேயும் இருக்கிறார்கள்.

அடுத்துக் குழந்தையின் கால்கள். ஒரு காலணி வார் அவிழ்ந்து கழன்று தொங்குகிறது. ஓடி வந்திருக்கிறது குழந்தை! எதைக் கண்டு? அதன் பார்வை செல்லும் வழியில் உங்கள் விரலை நகர்த்துங்கள். வானதூதர் கபிரியேல் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார். மறுபக்கத்தில் மிக்கேல் ஈட்டியும் கடற்காளானும் கொண்டிருக்கிறார். தனக்கு வரப்போவதைக் கண்டு அஞ்சிய பிள்ளை தாயிடம் ஓடிவந்து, இரு கைகளாலும் அவளுடைய வலக்கையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. படத்தின் நடுவில் அமைந்திருப்பவை அந்தக் கைகள். ஓவியர் முகங்களைவிடக் கைகளுக்கே நடுவிடம் தந்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பதறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்ட எந்தத் தாய்க்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அன்னை அணிந்திருப்பது செந்நிற உள்ளாடை, அதன்மேல் கருநீல மேலாடை. சிவப்பு, குருதியும் தசையும் உடைய மானிட அன்பின் நிறம் என்றும், நீலம் அதனைப் போர்த்திய அருளின் நிறம் என்றும் பெரியோர் விளக்குவர். குழந்தையின் அங்கியோ பச்சை. இடையில் சிவப்புக் கச்சை. பொன்னின் நடுவில் இந்தக் கருநீலம் ஒரு பெருநிழலாய் நிற்பதால் முகங்களும் கைகளும் முன்னால் வந்து நிற்கின்றன. மேலாடை வானத்து வெளிர்நீலமாயிருந்தால் இந்த ஆழம் கிட்டாது.

இறுதியில் அன்னையின் கண்கள். அவை பிள்ளையையும் பார்க்கவில்லை, சிலுவையையும் பார்க்கவில்லை. நம்மைப் பார்க்கின்றன. ஒரு முழத்துக்குச் சற்றே கூடிய ஒரு பலகையில் இத்தனையும் அடங்கியிருக்கிறது. 1499 முதல் உரோமையில் மக்கள் வணங்கிய இப்படத்தை 1866-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்து, உலகறியச் செய்யும்படி பணித்தார். நம் வீட்டுப் படம் அச்சுக்கு மேல் அச்சாகி நிறம் திரிந்ததாக இருக்கலாம்; ஆயினும் அந்தக் காலணி எந்த மலிவுப் படத்திலும் தொங்கிக்கொண்டுதானிருக்கிறது.

சாந்தோமுக்குப் போவோம். இன்று நாம் காணும் பேராலயம் 1893-இல் கட்டத் தொடங்கி 1896-இல் நிறைவுற்றது. 1956-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. பீடத்துக்கு மேலே உள்ள வண்ணக் கண்ணாடியில் உயிர்த்த ஆண்டவரும் திருத்தூதர் தோமையாரும் காட்சி தருகின்றனர். திருத்தூதரின் கல்லறையின்மேல் எழுந்த கோவிலில், அவர் ஐயம் தீர்ந்த அந்த நொடியை வைத்தது மிகப் பொருத்தம்.

வண்ணக் கண்ணாடியின் வேலையே தனி. மற்ற ஓவியங்களில் ஒளி மேலே விழுந்து திரும்புகிறது. இங்கே ஒளி ஊடுருவி வருகிறது. உருகும் கண்ணாடியோடு கோபால்ட் சேர்த்தால் நீலம். செம்பு சேர்த்தால் சிவப்பு. சிவப்பு அடர்ந்து கறுத்துவிடுமாகையால், நிறமற்ற கண்ணாடியின்மேல் அதனை மெல்லிய படலமாக மட்டும் ஏற்றுவார்கள். வெள்ளியின் சேர்க்கையைப் பூசிச் சூளையிலிட்டால் மஞ்சள் கிடைக்கும் என்று பதினான்காம் நூற்றாண்டில் கண்டுகொண்டார்கள். முகத்தையும் விரல்களையும் கரும்பூச்சால் கோடிட்டுச் சூளையில் சுட்டபின், துண்டுகளையெல்லாம் ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். அந்த ஈயக் கோடுகள் இல்லையேல் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். கருங்கோட்டின் காவலில்தான் ஒவ்வொரு நிறமும் சுடர்விடுகிறது. எழுத வாசிக்கத் தெரியாத மக்களுக்கு இவை வேதாகமமாக விளங்கின என்பர்.

வாய்ப்புக் கிடைத்தால் வாசகர்கள் ஒரு சோதனை செய்யலாம். வண்ணக் கண்ணாடியுள்ள எந்தக் கோவிலையும் பகலில் வெளியே நின்று பாருங்கள். கரிய, அழுக்கடைந்த பலகணியாகவே தோன்றும். உள்ளே நுழைந்து திரும்பிப் பாருங்கள்.

தோமையாரின் இதே காட்சியை, நிறங்களைப் பெரும்பாலும் துறந்து தீட்டியவர் இத்தாலிய ஓவியர் கராவாஜ்ஜோ. 1602-ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்ட அப்படம் ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரில் உள்ளது. பின்னணி முழுவதும் இருள். நீலமில்லை, பொன்னில்லை, தலைக்குப் பின் ஒளிவட்டமில்லை. பழுப்பும் மங்கிய சிவப்பும் உடுத்த மூன்று முதியவர்கள் குனிந்து நெருங்குகிறார்கள். நான்கு தலைகளும் ஒன்றையொன்று முட்டுமளவுக்குக் கூடுகின்றன. ஆண்டவரே தோமையாரின் மணிக்கட்டைப் பிடித்து விரலைத் தம் விலாக்காயத்தில் வழிநடத்துகிறார். ஒளி விழும் இடம் அவருடைய வெளிறிய மார்பும், தோமையாரின் சுருங்கிய நெற்றியுமே. தோமையாரின் தோளில் சட்டைத் தையல் பிரிந்திருக்கிறது. ஊர் ஊராய் நடந்து கடல் கடந்து மயிலைவரை வரப்போகிறவரின் ஏழ்மையை அந்தப் பிரிந்த தையலில் நான் காண்கிறேன். ஓவியர் அதனை நினைத்தாரோ இல்லையோ. அவர் தொட்டார் என்று யோவான் நற்செய்தி எழுதவில்லை. விசுவாச அறிக்கையை மட்டுமே எழுதுகிறது. தொடுவதைக் காட்டியது ஓவியரின் துணிவு.

திருவழிபாட்டு ஆண்டின் நிறங்களை நம் பீடச்சிறுவர்களே மனப்பாடமாய்ச் சொல்வார்கள். திருவருகைக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் வெள்ளை, பொதுக்காலத்துக்குப் பச்சை, பெந்தெகோஸ்தேக்கும் மறைசாட்சிகளுக்கும் சிவப்பு. ஜூலை 3-இல் தோமையார் திருநாளன்று குருவானவர் சிவப்புடை தரிப்பது அவருடைய ஈட்டிக் காயத்தை நினைந்தே. எனினும் இந்த அகராதி மாறாததன்று. சங்கத்துக்கு முந்திய பெரிய வெள்ளிக்கிழமையில் குருவானவரைக் கறுப்புடையில் கண்டதாக முதியவர்கள் சொல்வார்கள். சங்கத்துக்குப் பின் 1970-இல் வந்த திருப்பலி நூல் அன்று சிவப்பை அணியச் சொல்லிற்று. துக்கம் என்று வாசித்த நாளை வெற்றிகொண்ட குருதி என்று வாசிக்கச் செய்தது அந்த மாற்றம்.

மேலும், மேலைநாட்டு அகராதி நம் வீட்டு அகராதியோடு எப்பொழுதும் ஒத்துப்போவதில்லை. வெள்ளை அங்கே மணமகளின் நிறம். இங்கே கணவனை இழந்தவளின் நிறம். பேத்திக்கு ஆலயத் திருமணத்துக்கு வெள்ளைப் பட்டு எடுத்தால் பாட்டியின் முகம் வாடுவதை எத்தனை குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். மந்திரிப்பு முடிந்தவுடன் மணமகள் வீடு வந்து சிவந்த கூறைப்புடவைக்கு மாறிவிடுவாள், பாட்டியும் சமாதானமாவார். அதை முரண்பாடு என்று சிலர் நகைப்பர். ஒரே நாளில் இருமொழியும் பேசத் தெரிந்த குடும்பம் என்று நான் சொல்வேன்.

அடையாற்றுக்கு அப்பால் பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29-இல் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடியேறும் நாளில் சாலையோரம் நின்று பாருங்கள். காவியுடுத்த கூட்டம் நடந்து வருகிறது. தாய்மார், இளைஞர், தோளில் குழந்தைகள். திருவழிபாட்டு நிறப் பட்டியலில் காவி எங்குமில்லை. எந்த ஆயரும் ஆணையிடவில்லை. துறவுக்கும் நேர்ச்சைக்கும் உரிய நிறம் என்று இந்த மண் பல நூற்றாண்டுகளாய் அறிந்ததை, நடந்து செல்லும் மக்கள் தாமே எடுத்து அன்னைக்கு உடுத்திக்கொண்டார்கள். அந்த அன்னைக்கு அவர்கள் சார்த்துவதும் சேலையே.

இப்படி நம் மண்ணின் நிறங்களில் வேதத்தை எழுத முயன்ற ஓவியர்கள் தொடக்கத்தில் பட்டபாடு சிறிதன்று. கோவாவில் 1902-இல் பிறந்த ஆஞ்செலோ த பொன்சேகா, சாந்திநிகேதனில் அவனீந்திரநாத் தாகூரின் மாணாக்கராயிருந்து, மரியன்னையை நம் நாட்டுப் பெண்ணாகச் சேலையில் வரைந்தார். சொந்த ஊராரே அதனை ஏற்க மறுத்தனர். அவர் ஊரை விட்டுப் புனேயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். பழகிய நீலத்தைக் காணாதபொழுது அன்னையையே காணாததுபோல் மக்கள் கலங்கினார்கள். அக்கலக்கத்தையும் நான் இகழமாட்டேன். அந்த மூதாட்டியின் கலக்கமும் ஒருவகையில் அதுவே. நம் சென்னையில், 1850-இல் தோன்றிய ஓவியக் கல்லூரியில் பயின்று பின்னர் அதற்கே முதல்வரான அல்போன்சோ அருள்தாஸ், கிறிஸ்துவைத் தம் வாழ்நாளில் பலமுறை தீட்டினார். ஒளி ஊடுருவுவதுபோல் மெல்லிய படலங்களாக வண்ணமேற்றும் அவருடைய படங்களில் வண்ணக் கண்ணாடியின் சாயலை நான் காண்பதுண்டு.

எங்கள் வியாகுல மாதாவின் கதை மீதமிருக்கிறது. மூதாட்டியின் சொல் என்னை விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பழைய வண்ணத்தை மீட்க இயலுமா என்று சிற்பவேலை தெரிந்த ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். எனாமலை ஓரிடத்தில் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். அடியில் பட்டி, அதனடியில் வெறும் மரம். உப்புத்தாள் போட்டபொழுதே பழைய வண்ணம் போய்விட்டது என்றார். "ஐயா, மேலே பூசியிருந்தால் எடுத்துவிடலாம். தேய்த்ததை எப்படி எடுப்பது?" முதலில் பூசிய ஓவியரைக் குறைகூற எனக்கு வாயில்லை. பளிச்சென்று வேண்டும் என்று கேட்டது நாங்கள். அவர் கேட்டதைக் கொடுத்தார்.

இப்பொழுது சில பங்குகளிலிருந்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சுரூபத்தைத் தொடுமுன் நாலாபக்கமும் வண்ணப் புகைப்படம் எடுத்து வையுங்கள், ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள், எனாமல் கூடவே கூடாது, அதன்முன் நாள்தோறும் செபிக்கிறவர் யாரென்று தேடி, அவரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அவர்களுள் பாதிப்பேர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த மூதாட்டி அதன்பின் எட்டாண்டுகள் உயிரோடிருந்தார். ஆண்டு முழுவதும் சூசையப்பர் பீடத்தின் முன்தான் முழந்தாளிடுவார். ஆனால் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்து, சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியபின், மெல்ல நடந்து வியாகுல மாதாவின் முன் வந்துவிடுவார். மூடிய துணியின்மேல் கை வைத்து நெடுநேரம் இருப்பார். ஒருமுறை ஏனென்று கேட்டேன்.

"இப்பொழுது பழைய நிறம் வந்துவிட்டது, தம்பி" என்றார்.